24 பல்லா, 40 பல்லா, 80 பல்லா? நீளவாக்கு அறுப்புக்கு ஏற்ற ரம்பப் பிளேடு

வெளிர் நிற மேப்பிள் பலகை ஒன்றை மேசை ரம்பத்தில் நீளவாக்கில் அறுத்துவிட்டு விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன். முதல் ஒரு சாண் நீளத்துக்குப் பால்போல வெளுப்பாக இருந்தது. அதற்கப்பால் பழுப்பேறத் தொடங்கி, நடுவில் துருநிறத்தில் ஒரு கருகல் திட்டு. கையை மாற்றி வைப்பதற்காக ஒரு கணம் தள்ளுவதை நிறுத்தினேனே, சரியாக அந்த இடம். பிளேடோ புத்தம் புதியது, 80 பல். பல் கூடினால் அறுப்பு வழவழப்பாக வரும் என்று நம்பி மாட்டியது. வழவழப்பாகத்தான் வந்தது, கருகலோடு சேர்த்து. அதை உப்புத்தாளால் தேய்த்து எடுப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது.

பல் கூடினால் நல்லது என்ற கணக்கு குறுக்கறுப்புக்குச் சரி. நீளவாக்கு அறுப்பில் அதே கணக்குதான் காலை வாரிவிடுகிறது.

மரத்தை நெருக்கிக் கட்டிய நாணல் கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே அறுக்கும்போது ஒவ்வொரு நாணலையும் தனித்தனியே துண்டிக்க வேண்டும். அதற்குக் கத்திமுனைபோல இருபுறமும் மாறிமாறிச் சாய்ந்த பற்கள் தேவை, அவை நிறையவும் தேவை. நீளவாக்கில் அறுக்கும்போது பல் நாணலின் போக்கிலேயே ஓடுகிறது. அங்கே அதன் வேலை உளியின் வேலை. எனவே நீளவாக்குப் பிளேடின் பல் நுனி உளிபோலத் தட்டையாகவே இருக்கும். வெளிவருவதும் நைஸான தூளாக இருக்காது, நீண்ட நார்ச் சீவலாக இருக்கும். அந்தச் சீவல் வெளியேறும் வரை தங்குவதற்கு இரண்டு பற்களுக்கு நடுவே ஆழமான குழி வேண்டும். 80 பல் பிளேடில் அந்தக் குழி விரல் நகத்தளவுகூட இருக்காது. சீவல் அதில் அடைத்துக்கொள்கிறது, மரத்தோடு உரசுகிறது, சூடேறுகிறது, பிசின் இளகிப் பல்லில் ஒட்டுகிறது. பிறகு கருகாமல் என்ன செய்யும்?

கொஞ்சம் கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். 254 மி.மீ. விட்டமுள்ள, அதாவது 10 அங்குலப் பிளேடு, நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பலகையை நிமிடத்துக்கு 4 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறீர்கள். 24 பல் பிளேடில் ஒவ்வொரு பல்லும் ஏறத்தாழ 0.04 மி.மீ. மரத்தைக் கடிக்கிறது. 80 பல்லில் அது 0.0125 மி.மீ. மட்டுமே. இவ்வளவு மெல்லிய கடியில் பல் மரத்தை வெட்டுவதைவிடத் தேய்ப்பதே அதிகம்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரே நேரத்தில் மரத்துக்குள் எத்தனை பல் இருக்கிறது என்பது அது. நீளவாக்கு அறுப்பில் மூன்று முதல் ஐந்து பல் வரை இருந்தால் நலம் என்பது பட்டறைகளில் பழகிய அளவு. பலகைக்கு மேல் 5 மி.மீ. மட்டும் பிளேடு எட்டிப்பார்க்கும்படி வைத்துக் கணக்கிட்டால், 50 மி.மீ. தடிமன் கட்டையில் 24 பல் பிளேடின் இரண்டு மூன்று பற்கள் உள்ளே இருக்கும். 40 பல்லில் நான்கு. 80 பல்லில் எட்டு ஒன்பது. அதே பிளேடுகளை 20 மி.மீ. பலகையில் ஓட்டினால் நிலைமை மாறுகிறது. 24 பல்லில் ஒன்றிரண்டு பல்தான் உள்ளே, அதனால் அறுப்பு சற்றுக் கரடாக வரும். 40 பல்லில் இரண்டுக்கு மேல். ஆக, எந்தப் பிளேடு என்ற கேள்விக்கு முன்னால் எந்தத் தடிமன் என்ற கேள்வி நிற்கிறது. அதைக் கேட்காமல் சொல்லப்படும் பரிந்துரைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இனி ஒவ்வொன்றாக.

24 பல், தட்டை நுனி. பல் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டி இருக்கும். அதனால் மரத்தைத் தானே உள்ளே இழுப்பதுபோல ஓடும், கைக்கு அழுத்தம் குறைவு. தடித்த கடின மரத்தில் இதற்கு ஈடு கிடையாது. அறுத்த விளிம்பில் விரல் நகத்தை ஓட்டினால் மெல்லிய கோடுகள் தட்டுப்படும். இழைப்புளியை இரண்டு முறை ஓட்டினால் போய்விடும். ஒரு கூடுதல் வசதி, பலகையில் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுக்கும்போது அடிப்பாகம் சமதளமாக வரும். சாய்ந்த பற்கள் காடியின் இரு ஓரங்களிலும் பூனைக்காதுபோலக் கீறல் விட்டுச் செல்லும், இதில் அது இல்லை. சாணை பிடிப்பதும் எளிது. ஆனால் இதைக்கொண்டு பிளைவுட்டையோ குறுக்காகவோ அறுக்காதீர்கள். அடிப்பக்கம் சிம்பு சிம்பாகப் பெயர்ந்து வரும்.

30 பல். அறுத்த கையோடு பசை தடவி ஒட்டலாம் என்று சொல்லி விற்கப்படும் வகை இது. இரு ஓரமும் சரிவாகச் சீவிய உயர்ந்த பல்லும் தட்டைப் பல்லும் மாறிமாறி வரும். பல்லின் பக்கவாட்டுக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளியை வேண்டுமென்றே குறைத்திருப்பார்கள், அதனால் அறுத்த முகத்தைப் பல்லின் பக்கமே தேய்த்து மெருகேற்றிவிடுகிறது. சொன்னபடி வேலை செய்யும்போது அற்புதம், இழைப்புளியே தேவைப்படாது. ஆனால் மெருகேற்றும் அதே உரசல்தான் கருக்கவும் செய்கிறது. 25 மி.மீ. தடிமனைத் தாண்டினால் திணறும். பலகையை ஒட்டித் தள்ளும் வழிகாட்டிச் சட்டமான ஃபென்ஸ் துளி விலகியிருந்தாலும் உடனே பழுப்புக் கோடு போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். கோபக்காரக் கலைஞன் மாதிரி, எல்லாம் அவன் சொன்னபடி அமைந்திருக்க வேண்டும்.

40 பல், மாறிமாறிச் சாய்ந்த நுனி. பொதுப் பயன்பாட்டுப் பிளேடு என்று பெரும்பாலானோர் வாங்குவது இதைத்தான், அதில் தவறில்லை. 20 மி.மீ. பலகையை நீளவாக்கில் சுத்தமாகவே அறுக்கும், குறுக்கேயும் ஒப்பேற்றும். 40 மி.மீ. கடின மரத்துக்குப் போகும்போது மோட்டாரின் குரல் கம்மும். அப்போது தள்ளும் வேகத்தைக் குறைத்தால் கருகும், கூட்டினால் மோட்டார் நின்றுவிடும்.

50 பல் கூட்டுப் பிளேடு. நான்கு சாய்ந்த பல், ஒரு தட்டைப் பல், பிறகு ஒரு பெரிய குழி என ஐந்தைந்தாகக் கோத்திருப்பார்கள். மூட்டு வேலை அதிகம் செய்கிறவர்களுக்கு, பிளேடை அடிக்கடி மாற்றச் சோம்பல் படுகிறவர்களுக்கு. நீளவாக்கு அறுப்பு மட்டுமே பேச்சு என்றால் இதைக் கடந்துவிடலாம். 80 பல்லைப் பற்றி ஏற்கெனவே என் தோள்பட்டை பேசிவிட்டது. அதன் இடம் பிளைவுட்டும் மெலமைன் பலகையும்.

பல் எண்ணிக்கை அளவுக்கே முக்கியமானது பிளேடின் தடிமன். முழுத் தடிமன் பிளேடு ஏறத்தாழ 3.2 மி.மீ. மரத்தைத் தின்னும், மெல்லியது 2.4 மி.மீ. கால் பங்கு மரம் குறைவாக வெட்டுவதால் சிறிய மோட்டார் மூச்சுவிடும். மோட்டார் ஒன்றரை குதிரைத்திறனை ஒட்டியது என்றால் மெல்லியதே நல்லது. மூன்று குதிரைத்திறன் இருந்தால் முழுத் தடிமனை வாங்குங்கள். மெல்லிய தகடு தடித்த கட்டையில் சூடேறி லேசாக நடுங்கும், அந்த நடுக்கம் விளிம்பில் அலையலையாகப் பதியும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, நானே விழுந்தேன். பிளேடுக்குப் பின்னால் நின்று, அறுபட்ட மரம் மீண்டும் மூடிப் பிளேடைக் கவ்வாமல் தடுக்கும் ரிவிங் நைஃப் என்னும் தகட்டின் தடிமன், பிளேடின் உடல் தகட்டைவிடக் கூடுதலாகவும் அறுப்பின் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். என் இயந்திரத்தோடு வந்தது முழுத் தடிமன் பிளேடுக்கானது. மெல்லிய பிளேடை மாட்டி அறுத்தேன். பலகை ஒரு சாண் போனதும் அந்தத் தகட்டில் முட்டி அப்படியே நின்றது, பிளேடு உள்ளே சுற்றிக்கொண்டிருக்கிறது. மெதுவாகக் கையை நீட்டி இயந்திரத்தை அணைத்தேன். அந்தத் தகட்டையே கழற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பலகை முகத்துக்குத் திரும்பிப் பறந்து வருவதைத் தடுப்பது அதுதான். தகட்டின் மேல் தடிமன் பொறித்திருக்கும், பார்த்துவிட்டுப் பிளேடு வாங்குங்கள். நடுத் துளையையும் பாருங்கள், சில இயந்திரங்களுக்கு 15.88 மி.மீ., சிலவற்றுக்கு 30 மி.மீ.

என் தேர்வு என்ன? இழைப்புளியோ இழைப்பு இயந்திரமோ கைவசம் இருந்தால் 24 பல் தட்டை நுனி, மறுபேச்சில்லை. அது இல்லாதவர், மெல்லிய பலகையே அதிகம் அறுப்பவர், ஒரே பிளேடுதான் வாங்க முடியும் என்பவர் 40 பல்லுக்குப் போகலாம். 30 பல்லைப் பலகைகளை ஒட்டிப் பெரிய மேற்பரப்புகள் செய்பவருக்கு மட்டுமே சொல்வேன், அதுவும் ஃபென்ஸைச் சரிபார்த்த பிறகு. ஃபென்ஸின் பின்முனை ஒரு தாளின் தடிமன் அளவு வெளியே விலகியிருந்தால் பாதகமில்லை. உள்ளே சாய்ந்திருந்தால் பலகையைப் பிளேடின் பின்பக்கத்தோடு நெருக்கும். அப்போது எந்தப் பிளேடும் கருக்கும், பலகையைத் திருப்பியும் எறியும்.

கடைக்குக் கிளம்பும் முன் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பழைய பிளேடைக் கழற்றிப் பாருங்கள். பல்லின் பக்கவாட்டில் பழுப்பாக ஏடு படிந்திருந்தால் அது பிசின். பிளேடு சுத்தம் செய்யும் திரவத்தில் சிறிது நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் கரைந்துவிடும். பல்லுக்குப் பல் பிரஷ்தானே. துடைத்து உலர்த்தி மாட்டி, அதே மரத்தில் ஒரு துண்டை அறுத்துப் பாருங்கள். மழுங்கிவிட்டது என்று நான் ஒதுக்கிவைத்த இரண்டு பிளேடுகளில் ஒன்று இப்படித்தான் வேலைக்குத் திரும்பியது.