ஷெட்யூலில் கெட்டி, அளவையில் கோட்டை விடும்: ஒரு ஹைட்ரஜன் ஆலை மென்பொருள்

பெங்களூருவில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு நிறுவனம் பசுமை ஹைட்ரஜன் ஆலைகளுக்கென்று விற்கும் மின்சார மேலாண்மை மென்பொருள் இது. பெயர் வேண்டாம். பீன்யா, ஓசூர் பக்கம் 1 மெகாவாட் அல்கலைன் எலெக்ட்ரோலைசர் (காரக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி நீரிலிருந்து ஹைட்ரஜன் பிரிக்கும் கருவி) போட நினைப்பவர்களுக்காக எழுதுகிறோம். ஷெட்யூல் போடுவதில் கெட்டிக்கார மென்பொருள். அளப்பதில் கோட்டை விடுகிறது.

முதலில் நல்லது. ஓப்பன் ஆக்சஸில், அதாவது மின்வாரியக் கம்பி வழியே உற்பத்தியாளரிடமிருந்தே நேரடியாக, சோலார், காற்றாலை மின்சாரம் எடுத்தால் ஷெட்யூலுக்கு நாளுக்கு 96 பிளாக், ஒவ்வொன்றும் 15 நிமிடம். வானிலைக் கணிப்பைப் பார்த்து ஒவ்வொரு பிளாக்குக்கும் ஸ்டாக் (எலெக்ட்ரோலைசரின் செல்களின் அடுக்கு) எவ்வளவு லோடில் ஓட வேண்டும் என்பதை இதுவே போட்டுவிடுகிறது. மேகம் மூடினால் சட்டென்று நிறுத்தாமல் குறைந்தபட்ச லோடில் பிடித்து வைக்கிறது. நின்றுபோனால் நைட்ரஜன் விட்டு பர்ஜ் செய்து (உள்ளே இருக்கும் வாயுவை வெளியேற்றி), லையை (காரக் கரைசலை) மறுபடி 70–80 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும் என்பதால் இது பெரிய உதவிதான்.

ஆனால் அந்தக் குறைந்தபட்ச லோடை ஒரே எண்ணாகத்தான் கேட்கிறது. லோடு குறையக் குறைய ஆக்சிஜன் உற்பத்தி குறையும். ஆனால் இரு வாயுக்களையும் பிரித்து வைக்கும் டயாஃப்ரம் (தடுப்புச் சவ்வு) வழியே ஆக்சிஜன் பக்கம் கசிந்து வரும் ஹைட்ரஜன் குறையாது. அழுத்தம் ஏறினால் கசிவு இன்னும் கூடும். ஆக்சிஜனில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தால் தீப்பற்றும் எல்லை. பொதுவாக 2 சதவீதத்திலேயே டிரிப் (தானாக நிற்கும் பாதுகாப்பு) வைத்திருப்பார்கள். குறைந்த அழுத்தத்தில் 25 சதவீத லோடு தாங்கும் ஸ்டாக், அழுத்தம் ஏறியதும் அதே 25இல் டிரிப் ஆகலாம். அதிக அழுத்தத்துக்கு உரிய எண்ணையே கொடுத்து வையுங்கள்.

அடுத்தது ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் என்ற கணக்கு. 1 மெகாவாட் ஆலை மணிக்கு 200 நார்மல் கன மீட்டர் (0 டிகிரியில் அளந்த கன அளவு), அதாவது சுமார் 18 கிலோ கொடுக்கும். கிலோவுக்கு 55 யூனிட். ஃப்ளோ மீட்டர் 20 டிகிரி அடிப்படையில் கன மீட்டர் காட்டுகிறது என்று வையுங்கள். அதே வாயு 215 கன மீட்டராகத் தெரியும். மென்பொருளோ 0 டிகிரிக்குரிய அடர்த்தியான 0.0899ஆல் பெருக்கி 19.3 கிலோ என்கிறது. திரையில் 51 யூனிட்! எதுவும் மாறாமலே ஆலை சிக்கனமாகிவிட்டது. போதாக்குறைக்கு யூனிட்டை ரெக்டிஃபயருக்கு (ஏசியை டிசியாக மாற்றும் கருவி) பின்னால் டிசி பக்கம் எடுக்கிறது. ரெக்டிஃபயர் இழப்பு, சில்லர், லை பம்ப், கம்ப்ரஸர் எதுவும் அதில் சேராது. ஏசி பக்கம் துல்லியமான 0.2எஸ் வகுப்பு மீட்டர் போட்டு, இந்தத் துணைக் கருவிகளுக்கும் தனி மீட்டர் வைத்தால்தான் எண்ணை நம்பலாம்.

நேரமும் தகராறு. மீட்டர் தரவை மென்பொருளுக்கு அனுப்பும் கேட்வேயை யுடிசியில் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் உள்ள உலகப் பொது நேரம்) விட்டுவிட்டுப் போனால் தரவு 22 பிளாக் தள்ளிப்போகும். நண்பகல் சோலார் காலை 6.30க்குத் தெரியும். முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

கேவிஏ (மின்வாரியத்திடமிருந்து இழுக்கும் மொத்தத் திறன்) பற்றி இதற்குக் கவலையே இல்லை. தைரிஸ்டர் ரெக்டிஃபயர் பாதி லோடில் ஓடும்போது பவர் ஃபேக்டர், அதாவது கேவிஏவில் உண்மையாகப் பயன்படும் கிலோவாட்டின் பங்கு, சரியும். கிலோவாட் குறைந்தது என்று மென்பொருள் மகிழும். ஆனால் டிமாண்ட் சார்ஜ் (உச்ச மின்தேவைக்கான கட்டணம்) கேவிஏவில்தான் வரும்.

பசுமை ஹைட்ரஜன் என்று சான்றிதழ் வாங்குவதற்கான ரிப்போர்ட் பரவாயில்லை. 2023இல் இந்திய அரசு வைத்த வரம்பு, கிலோ ஹைட்ரஜனுக்கு 12 மாத சராசரியாக 2 கிலோ கார்பன் டை ஆக்சைடு. கிரிட் (பொது மின்கட்டமைப்பு) மின்சாரம் யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால், 20இல் ஒரு பங்கு கிரிட் மின்சாரம் கலந்தாலே வரம்பைத் தொட்டுவிடும். இரவில் லையைச் சூடாக வைக்க எடுக்கும் கிரிட் யூனிட்டையும் இது சரியாகச் சேர்க்கிறது.

சப்போர்ட் நன்று, நைட் ஷிப்ட் ஆபரேட்டர் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வருகிறது. மூலத் தரவை சிஎஸ்வியாக இறக்கத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். அதை விலையிலேயே சேர்க்கச் சொல்லி ஆர்டரில் எழுதி வாங்குங்கள். கடைசித் தவணையை, திரையில் வரும் மாத யூனிட்டும் மின்வாரிய பில்லும் ஒத்துப்போன பிறகு கொடுங்கள்.