தவணை நின்னா யார்கிட்ட யோசனை கேட்பது?

திருநெல்வேலி பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். ரெண்டு மாசக் கடன் தவணை பாக்கி, வீட்டுப் பத்திரம் வங்கியில். யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. யார் காசில் பேசுகிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

வங்கி மேலாளர் தங்கமான மனுஷராகவே இருக்கட்டும், சம்பளம் கடன் கொடுத்த இடத்தில். ஆனாலும் அவரை விட்டு வேலை நடக்காது. 2016-இன் ரிசர்வ் வங்கி நெறிமுறைப்படி, ரூ.25 கோடி வரை கடனுள்ள சிறு தொழில்காரர் தானே விண்ணப்பித்து, தவணையை மாற்றவோ கடனை மறுசீரமைக்கவோ வங்கிக் குழுவிடம் கேட்கலாம். 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன். அதற்குள் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவிட வேண்டும்.

"அண்ணாச்சி, பாதியில முடிச்சுத் தாரேன்" என்று முன்பணம் கேட்கும் செட்டில்மென்ட் ஏஜென்ட்? நம் கடன் வரலாற்றைக் குறித்து வைக்கும் சிபிலில் 'செட்டில்டு' (முழுசாகக் கட்டாமல் முடித்தது) என்று விழுந்தால் அடுத்த கடன் கஷ்டம் என்பதை அவர் சொல்லமாட்டார். வேண்டாம்.

மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியின் நிதி எழுத்தறிவு மையம் இலவசம். வீட்டுக் கடன் சிக்கலுக்குச் சரி, பட்டறைக் கணக்குக்குப் போதாது.

பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி. பட்டறை மனைவி பெயரில் இருந்தால் அவரே போகலாம். அடமானச் சொத்தை வங்கியே எடுக்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தில் நோட்டீஸ் வந்துவிட்டால் கையில் 60 நாள்தான், அப்போது வக்கீல்தான் தேவை. சமரசம் பேசி முடிக்கும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) கையெழுத்துப் போட்டால் மேல்முறையீடு கிடையாது. கணக்குப் பார்க்காமல் போகக்கூடாது.

அந்தக் கணக்குக்கு ஆடிட்டர். கூலி நம்முடையது, ஆள் நம்முடையவர். என் ஓட்டு இவருக்குத்தான், ஒரு நிபந்தனையோடு: கடனுக்குத் திட்ட அறிக்கை போட்டுக் கொடுத்தவரே வேண்டாம். தான் எழுதிய விற்பனைக் கணக்கு பொய்த்துப்போனதை எந்த மனுஷன் ஒத்துக்கொள்வான்?

நல்ல ஆடிட்டர் கடனைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் நமக்கு வரவேண்டிய பாக்கியைப் பற்றிக் கேட்பார். உத்யம் என்ற அரசுத் தொழில் பதிவுள்ள குறு, சிறு பட்டறையிடம் சரக்கு வாங்கிய கம்பெனி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும்; தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. 2006-இன் சட்டம் இது. பல பட்டறைகளில் வங்கித் தவணைக்கான பணம் சரக்கு வாங்கியவரின் பில் கட்டுக்குள்தான் தூங்குகிறது.