மாடியில் மின்சாரம் எடுக்கும் சிறு காற்றாடிக்கு இறக்கை எதில் செய்வது: பிவிசி பைப்பா, பழைய பக்கெட்டா?

செலவு: இரண்டுமே வீட்டுக் கழிவுதான். காசு போவது பேரிங்குக்கு.

வேலை: பக்கெட்டை நெடுக்காக அறுத்து, பாதிகளை எதிரெதிராகச் சற்று விலக்கி ‘எஸ்’ வடிவில் நிமிர்ந்த அச்சில் திருகினால் முடிந்தது. பைப்பில் மூன்று இறக்கை அறுக்க வேண்டும். ஒன்றின் எடை கொஞ்சம் மாறினாலும் கம்பமே உதறும். தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்யப் பொறுமை வேண்டும்.

காற்று: பக்கெட் எந்தத் திசைக் காற்றுக்கும் சுற்றும், ஆனால் மெதுவாக. பைப் இறக்கை வேகமானது. காற்றுப் பக்கம் திரும்ப வால் வைக்க வேண்டும்.

எத்தனை நாள் உழைக்கும்: வெயிலில் பக்கெட் சீக்கிரம் நொறுங்கும்.

மின்சாரம் தருவது காற்றாடி சுற்றிவிடும் மோட்டார். சாதாரண டிசி மோட்டாரில் எல்இடி எரிய வேகம் தேவை, அதற்குப் பைப். மெதுவாகச் சுற்றினாலும் மின்சாரம் தரும் ஸ்டெப்பர் மோட்டார் பழைய பிரிண்டரிலிருந்து கிடைத்தால் பக்கெட்டே போதும். நெருக்கமான தெருவில் சுழன்றடிக்கும் காற்றுக்கும் பக்கெட்தான் சரி. ஆடிக் காற்றில் இரண்டையுமே கட்டிப்போடுங்கள்.