குதிரை ஓடினால் யாருடைய நகர்வு? டி&டியும் பாத்ஃபைண்டரும்

டி&டியும் (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) பாத்ஃபைண்டரும் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து டைஸ் உருட்டி ஆடும் கற்பனைக் கதை விளையாட்டுகள். அதில் ரோக் (திருடன் வகைப் பாத்திரம்) எடுத்தவர் குதிரையில் ஏறினாலே டேபிளில் ஒரு வழக்கு கிளம்பிவிடும். கன்னிங் ஆக்‌ஷன் இருப்பதால் போனஸ் ஆக்‌ஷனில் (கூடுதலாகக் கிடைக்கும் ஒரு செயலில்) டிஸ்எங்கேஜ் போட்டு எதிரியிடமிருந்து அடி வாங்காமல் நழுவலாம், சரி, ஆனால் இப்போது ஓடுவது குதிரைதானே, எதிரிக்கு ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் (விலகி ஓடுபவரை அடிக்கும் இலவச அடி) உண்டா இல்லையா? மாங்க் (துறவி வீரர்) பாத்திரத்தின் வேகம், மிஸ்டி ஸ்டெப் (மறைந்து சற்றுத் தள்ளித் தோன்றும் மந்திரம்), ஹேஸ்ட் (வேகம் கூட்டும் மந்திரம்) என்று எதை எடுத்தாலும் இதே வழக்குதான். நாகர்கோவிலில் எங்கள் குழு டி&டி ஐந்தாம் பதிப்பை 2014 விதியிலும் 2024 திருத்தத்திலும் ஆடுகிறது, பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பும் ஆடுகிறது. குதிரைச் சண்டைக்கு என் ஓட்டு பாத்ஃபைண்டருக்கு. ஒரே ஒரு இடத்தில் 2024 அதைத் தாண்டிவிட்டது, அதையும் சொல்கிறேன்.

முதலில் ஐந்தாம் பதிப்பு. பழக்கப்பட்ட குதிரையில் ஏறினால் அதன் இனிஷியேட்டிவ் (சண்டையில் முறை வரும் வரிசை) உங்களுடையதோடு சேர்ந்துவிடும், நீங்கள் சொல்கிற பக்கம் ஓடும், ஆனால் ஆக்‌ஷனாக டாஷ் (இன்னொரு மடங்கு ஓடுவது), டிஸ்எங்கேஜ், டாட்ஜ் (அடியைத் தவிர்க்கப் பார்ப்பது) மூன்றில் ஒன்றைத்தான் செய்யும். ஏறவோ இறங்கவோ உங்கள் வேகத்தில் பாதி போகும். இதில் ரோக்கின் வழக்குக்குப் பதில் கறாராக எழுதி இல்லை, இரண்டு விதியைச் சேர்த்துப் படித்துத்தான் எடுக்க வேண்டும்: டிஸ்எங்கேஜ் உங்கள் நகர்வுக்குத்தான் காவல், ஓடியது குதிரை, குதிரை ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்கைக் கிளப்பினால் 2014 விதியில் எதிரி குதிரையையோ உங்களையோ அடிக்கலாம். ஆக ரோக் செலவழித்த போனஸ் ஆக்‌ஷன் வீண். குதிரையையே டிஸ்எங்கேஜ் பண்ணச் சொல்லியிருந்தால் அது 60 அடி நிம்மதியாக ஓடியிருக்கும், ரோக்கின் போனஸ் ஆக்‌ஷன் ஒளிந்துகொள்வதற்கு மிச்சம். மாங்குக்கும் இதே கதைதான், அவர் கால் வேகம் சேணத்தில் உட்கார்ந்தால் எதற்கும் உதவாது.

பாத்ஃபைண்டர் இதையெல்லாம் ஒரே வரியில் வெட்டி எறிகிறது. மவுண்ட் (ஏறிப்போகும் விலங்கு) மேல் இருக்கும்வரை நீங்கள் செய்யக்கூடிய ஒரே நகர்வு ஆக்‌ஷன் கீழே இறங்குவது. அவ்வளவுதான். ஸ்ட்ரைடு (சாதாரண நகர்வு) கிடையாது, ஸ்டெப் (கவனமாக வைக்கும் சின்ன எட்டு) கிடையாது, லீப் கிடையாது, ஆகவே ஸ்ட்ரைடை உள்ளே வைத்திருக்கிற சடன் சார்ஜ் என்ற பாய்ச்சலும் கிடையாது. போதாக்குறைக்கு ரிஃப்ளெக்ஸ் சேவில் (ஆபத்திலிருந்து சட்டென விலக உருட்டும் டைஸில்) 2 குறையும். கேட்கும்போது கஞ்சத்தனமாகத் தெரியும், எங்கள் டேபிளிலும் பார்பேரியன் ஆடுபவர் “மக்கா, பின்ன நான் எதுக்கு குதிரை வாங்கினேன்?” என்று எகிறினார். பதில் குதிரை பக்கம் இருக்கிறது. அனிமல் கம்பேனியனுக்கு (உங்களோடு வளரும் துணை விலங்குக்கு) நீங்கள் ஒரு ஆக்‌ஷன் கொடுத்தால் அது இரண்டு ஆக்‌ஷன் செய்யும். மெச்சூர் நிலைக்கு வளர்ந்துவிட்டால் நீங்கள் ஒன்றுமே சொல்லாவிட்டாலும் ஒரு முறை ஸ்ட்ரைடு செய்யும், அதாவது குதிரை சும்மாவே நகர்ந்துவிடும், உங்கள் முறைக்குரிய மூன்று ஆக்‌ஷனும் கையில் இருக்கும். கேவலியர் ஆர்க்கிடைப் (குதிரை வீரருக்கான கூடுதல் திறமைத் தொகுப்பு) எடுத்தால் குதிரை ஓடுகிற ஓட்டத்தின் நடுவிலேயே வெட்டிவிட்டுப் போகலாம். விளையாட்டு சவாரிக்காரரிடமிருந்து எதையெல்லாம் பிடுங்கியதோ அதைக் குதிரை வழியாகத் திருப்பிக் கொடுக்கிறது, ஒவ்வொன்றுக்கும் விலை எழுதி வைத்து. எனக்குப் பிடித்தது அதுதான். ஜிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) சண்டை நடுவில் தீர்ப்பு சொல்ல உட்கார வேண்டியதில்லை.

ஆனால் பறப்பதில் பாத்ஃபைண்டர் உண்மையிலேயே கறார். கம்பேனியனின் விவரத்தில் ‘மவுண்ட்’ என்ற சிறப்பு இல்லாவிட்டால், முதுகில் ஆள் இருக்கும்போது அது தரை வேகத்தை மட்டுமே பயன்படுத்தும். பறவையை வளர்த்து அதன்மேல் ஏறிப் பறக்கலாம் என்று கனவு கண்டவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

வேகம் கூட்டும் ஸ்பெல்களில் (மந்திரங்களில்) டி&டி தாராளம். லாங்ஸ்ட்ரைடர் தொட்டுப் போடும் ஸ்பெல், அதனால் குதிரைமேல் போட்டால் 10 அடி குதிரைக்குக் கூடும். பாத்ஃபைண்டரில் அதே வேலையைச் செய்யும் டெயில்விண்ட் போட்டவருக்கு மட்டும்தான், குதிரைக்கு ஒன்றும் கிடைக்காது. 1741 குளச்சல் போரை வைத்து நாங்கள் ஓட்டிய கதையில் ஈர மணல் முழுக்க கடினத் தரை (வேகம் பாதியாகும் தரை), 60 அடி ஓடுகிற குதிரை 30 அடியில் நின்றுவிடும். அங்கே டி&டியின் ஹார்ஸ்‌ஷூஸ் ஆஃப் எ ஸெஃபிர் பிரமாதமாக வேலை செய்தது, லாடம் மாட்டிய குதிரை தரையிலிருந்து 4 அங்குலம் மேலே மிதப்பதால் மணலும் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான்.

இனி டெலிபோர்ட் (மறைந்து வேறிடத்தில் தோன்றுவது). இதில்தான் ஆட்டங்கள் ஒன்றுக்கொன்று ரொம்ப விலகுகின்றன. கணக்குப் பார்க்க வசதியாக மாத்தூர் தொட்டிப்பாலத்தை எடுத்துக்கொள்வோம், உயரம் 115 அடி. கீழே பறளியாற்றுப் படுகையில் நீங்கள் குதிரைமேல், மேலே வில்லன்.

மிஸ்டி ஸ்டெப் 30 அடிதான், எட்டாது, எட்டினாலும் குதிரையைக் கீழே விட்டுவிட்டுத்தான் போவீர்கள். 2014 பாலடினுக்கு (புனித வீரர் பாத்திரத்துக்கு) மட்டும் விலக்கு உண்டு: ஃபைண்ட் ஸ்டீட் ஸ்பெல்லில் வந்த குதிரைமேல் இருக்கும்போது, உங்களை மட்டும் குறிவைக்கும் ஸ்பெல்லை அதற்கும் சேர்த்துப் போடலாம். டைமென்ஷன் டோர் 500 அடி போகும், கூட ஒருவரையும் கூட்டிப் போகலாம், ஆனால் 2014 விதியில் அவர் உங்கள் அளவு அல்லது சிறியவராக இருக்க வேண்டும். குதிரை லார்ஜ், நீங்கள் மீடியம். முடிந்தது கதை. பாத்ஃபைண்டரின் டிரான்ஸ்லொக்கேட் 120 அடி, தொட்டிப்பாலத்துக்குச் சரியாக எட்டும், ஆனால் இன்னொரு உயிரைக் கூட்டிப் போக அது சம்மதிக்கவே சம்மதிக்காது.

நான் சொன்ன அந்த ஒரே இடம் இதுதான். 2024 ஃபைண்ட் ஸ்டீட் ஸ்பெல்லைக் குதிரைக்கும் சேர்த்துப் போடும் பழைய விதியை எடுத்துவிட்டது, நிறைய பேருக்கு அதில் வருத்தம், எனக்கும் உண்டு. பதிலுக்கு ஃபே (தேவதை உலக) வகை குதிரைக்கு ஃபே ஸ்டெப் கொடுத்தது: குதிரை தன் போனஸ் ஆக்‌ஷனில், மேலிருப்பவரோடு சேர்ந்து, 60 அடி டெலிபோர்ட் ஆகும், நீண்ட ஓய்வுக்கு ஒரு முறை. மேலிருப்பவர் கூட வருகிறார் என்று விதியிலேயே எழுதியிருப்பதால் வாதாட இடமே இல்லை. 115 அடிக்கு 60 போதாது, வாஸ்தவம். ஆனால் ஃபைண்ட் ஸ்டீடை நான்காம் லெவல் ஸ்பெல் ஸ்லாட்டில் போட்டால் (பாலடினுக்கு 13ஆம் லெவலில் கிடைக்கும்) அதே குதிரைக்கு 60 அடி பறக்கும் வேகமும் வந்துவிடும், டாஷும் சேர்த்தால் ஒரே டர்னில் 120, பாலத்தின் மேல் வில்லன் முன்னால் குதிரையோடு நிற்கலாம்.

மேலே போனவர் விழவும் செய்வார், அதையும் பார்த்துவிட வேண்டும். சாதாரண சவாரிக் குதிரைமேல் ஃப்ளை போட்டுப் பறக்கும்போது போட்டவரின் கான்சன்ட்ரேஷன் உடைந்தால், டி&டியில் 10 அடிக்கு ஒரு டி6 (ஆறு பக்க டைஸ்), 115 அடிக்கு 11 டி6. 2014 கணக்கில் 13 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) உள்ள குதிரை அங்கேயே போய்விடும். பாத்ஃபைண்டரில் டைஸே இல்லை, விழுந்த உயரத்தில் பாதிதான் சேதம், அதாவது 57. ஃபெதர் ஃபால் (விழுவதை மெதுவாக்கும் ஸ்பெல்) வைத்திருப்பவர் ஒருவர் குழுவில் இல்லாமல் பறக்கும் மவுண்ட் எடுக்காதீர்கள். டி&டியில் அது ஐந்து பேர்வரை தாங்கும், குதிரையும் ஒரு ஆளாகத்தான் கணக்கு.

டி&டியின் பழைய 3.5 பதிப்பு பற்றியும் ஒரு வரி: ஸ்பிரிட்டட் சார்ஜ் ஃபீட்டோடு லான்ஸ் (குதிரை வீரரின் நீள ஈட்டி) பிடித்தால் மும்மடங்கு அடி, அந்த ஆசை இருந்தால் அதையே ஆடுங்கள், இரண்டு புது ஆட்டமும் அவ்வளவு தராது.

புதிதாகத் தொடங்குகிற குழுவில் ஒரே ஒருவர் மட்டும் பாலடின் எடுத்து குதிரையில் வருகிறார் என்றால் 2024 போதும். இரண்டு மூன்று பேர் சவாரி என்றால் யோசிக்காமல் பாத்ஃபைண்டர். டி&டியிலேயே தொடர்கிறவர்கள் 2014 விதியின் டைமென்ஷன் டோரில் மட்டும் ஒரு மாற்றம் செய்துகொள்ளுங்கள்: ஏறி உட்கார்ந்திருக்கும் மவுண்ட் ஒரு அளவு பெரியதாக இருந்தாலும் அந்த ஒருவர் இடத்தில் கூட வரலாம், ஆனால் வேறு யாரும் வரக்கூடாது. நாங்கள் இப்படித்தான் ஆடுகிறோம், இதுவரை எந்தச் சண்டையும் இதனால் சுலபமாகிவிடவில்லை.