நாலரை நட்சத்திரம் முதல் மூன்று அத்தியாயத்துக்கு மட்டும்

ராணுவ அறிவியல் புனைகதை மின்னூல் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு. அட்டையில் எரியும் விண்கப்பல், நாலரைக்கு மேல் நட்சத்திரம், கீழே 'கீழே வைக்க மனசு வரல' வகைக் கருத்துகள் வரிசையாக. இப்படி விற்கும் ஒரு சாகசத் தொடரின் முதல் பாகத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பெயர் வேண்டாம், இதே அச்சில் வார்த்தவை ஏராளம்.

காசு கொடுத்தவர்களுக்குக் கிடைப்பது முக்கால் நாவல். முற்றுகையிட்ட எதிரிக் கப்பல்கள் சுட ஆரம்பிக்கிற பக்கத்தில் 'தொடரும்' என்று போட்டு முடித்துவிட்டார்கள். விற்பனைப் பக்கத்தில் அதைப் பற்றி மூச்சே இல்லை.

உள்ளேயும் அதே லட்சணம். பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே ஒளி ஒருவழி போகவே, கோள்களின் நிலையைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம் ஆகும். மூன்றாம் அத்தியாயத்தில் செவ்வாய் அருகிலிருந்து கேட்ட கேள்விக்குப் பதில் வர அரை மணி நேரம் காத்திருக்கிறார்கள், சரி. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அதே இடத்திலிருந்து தளபதியும் பூமியில் இருக்கும் அமைச்சரும் வார்த்தைக்கு வார்த்தை சண்டை போடுகிறார்கள். நடுவில் புதுக் கருவி எதுவும் வரவில்லை, எழுதியவருக்கு மறந்துவிட்டது, அவ்வளவுதான். கடற்படை கேப்டன் என்றால் தரைப்படை கர்னலுக்குச் சமம். இங்கே படைப்பிரிவும் பதவிகளும் அப்படியே இருக்க, கர்னலுக்குக் கீழே இருக்கும் ஒரு மேஜர் கப்பலின் கேப்டனை அதட்டி வேலை வாங்குகிறார். பிளாட்டூன் என்றால் முப்பது, நாற்பது பேர். முதல் சண்டையில் பாதிப்பேர் போன பிறகும் ஆள் குறையவே இல்லை. செத்தவர்களில் ஒருவர் பின்னால் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நிற்கிறார்!

இதையெல்லாம் கருத்து எழுதியவர்கள் ஏன் சொல்லவில்லை? அவர்கள் புகழ்ந்தவற்றைக் கூர்ந்து பாருங்கள்: பயிற்சி முகாம், கவச உடை, கப்பலிலிருந்து குதிக்கும் காட்சி. எல்லாமே இலவச மாதிரிப் பக்கங்களில் வருபவை. வெளியீட்டுக்கு முன்பே இலவசப் பிரதி வாங்குகிறவர்கள், வெளியான அன்றே கருத்துப் போடும் அவசரத்தில் முன்பாதியோடு நிறுத்திக்கொள்வது சகஜம். அமெரிக்காவில் போலி விமர்சனங்களைத் தடுக்கும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் நிபந்தனையில்லாமல் இலவசப் பிரதி வாங்கி, படித்த அளவுக்கு நிஜமாகவே ரசித்த ஒருவரை அந்த விதி ஒன்றும் செய்யாது.

அதனால் ஐந்து நட்சத்திரங்களை விட்டுவிட்டு இரண்டு, மூன்று நட்சத்திரக் கருத்துகளுக்குப் போங்கள். ஒரு நட்சத்திரத்தில் 'கோப்பு திறக்கவில்லை' புலம்பல்தான் அதிகம். முடிவு எப்படி, கடைசிப் போரில் என்ன ஆகிறது என்று தொட்டுப் பேசுகிறவர் ஒருவராவது இருக்கிறாரா என்பதே கேள்வி. வெளியான இரண்டு மூன்று நாளுக்குள் கருத்துகள் குவிந்து, பிறகு வறண்டு கிடந்தால் உஷாராகிவிடுங்கள்.

தொடரின் மூன்றாம், நான்காம் பாகத்துக்கு முதல் பாகத்தைவிட நட்சத்திரம் கூடுதலாக இருப்பதைத் தரத்துக்குச் சாட்சியாக எடுக்காதீர்கள். பிடிக்காதவர்கள் முதல் பாகத்தோடு கிளம்பிவிட்டார்கள், மிச்சம் இருப்பவர்கள் ரசிகர்கள். மதிப்பிட்டோர் எண்ணிக்கை பாகத்துக்குப் பாகம் எப்படிச் சரிகிறது என்று பாருங்கள். கொஞ்சம் குறைவது இயல்பு, இரண்டாம் பாகத்திலேயே அதலபாதாளத்துக்குப் போனால் முதல் பாகம் ஆளை விரட்டியிருக்கிறது.

அளவையும் பாருங்கள். அறிவியல் புனைகதைக்குக் கொடுக்கும் ஹ்யூகோ விருதுக் கணக்கில் 40,000 சொல் இருந்தால்தான் நாவல், அதற்குக் கீழே குறுநாவல். 120 பக்கத்தை 'முழு நாவல்' என்று விற்றால் நம்ப வேண்டாம். தொகுப்பு நூல் வாங்கும்போது பொருளடக்கத்தைப் பழைய பாகங்களோடு ஒப்பிடுங்கள். அதே கதையைப் பெயர் மாற்றிச் சேர்த்திருப்பார்கள்.

இன்னொன்று, திருப்பிக் கொடுப்பது. அமேசானின் கிண்டில் மின்னூலுக்கு 7 நாள் அவகாசம் உண்டு. ஆனால் 10 சதவீதத்துக்கு மேல் படித்துவிட்டால் பொத்தானை அழுத்தித் திருப்ப முடியாது, வாடிக்கையாளர் சேவையிடம் காரணம் சொல்லிக் கேட்க வேண்டும். மாதிரிப் பக்கங்களும் ஏறக்குறைய அதே 10 சதவீதம்தான். ஆகவே மாதிரியை முதலில் படித்து முடித்துவிடுங்கள். கதை 'தொடரும்' என்று பாதியில் நிற்கிறதா என்பதையும் அந்த இரண்டு, மூன்று நட்சத்திரக் கருத்துகளில் தேடிப் பார்த்த பிறகு வாங்குங்கள்.