மேலாளர் வாரியப் பயிற்சி: 30 ரிங்கிட்டுக்குத் தாராளமாகப் போகலாம்

நான் படித்த தமிழ்ப்பள்ளியின் மேலாளர் வாரியத்தில், அதாவது பள்ளியின் நிர்வாகக் குழுவில், இந்த ஆண்டுதான் சேர்ந்தேன். சம்பளம் இல்லாத பொறுப்பு, ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்த ஒருநாள் பயிற்சிக்குப் போனேன். கட்டணம் 30 ரிங்கிட், மதிய உணவோடு.

காலைப் பகுதி அருமை. நடத்தியவர் பணி ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியர் அம்மா. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். பகுதி உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கிறது. நிலம், கட்டடம் பற்றிய கவலை வாரியத்துக்கு. “கால அட்டவணை போடுவது தலைமையாசிரியர் வேலை, அதில் கை வைக்காதீங்க. நிலப் பட்டா யார் பேரில் இருக்கு, கூரை ஒழுகுதா, அதைக் கேளுங்க” என்றார்.

அப்புறம் ஒரு மாதிரி கணக்கைக் கொடுத்துத் தவறு கண்டுபிடிக்கச் சொன்னார். நன்கொடை விருந்துக்கு ரசீது இல்லை. சாயம் பூசும் குத்தகை ஓர் உறுப்பினரின் தம்பிக்கு. அப்படியென்றால் அந்த உறுப்பினர் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, முடிவெடுக்கும்போது வெளியே போய்விட வேண்டும். எங்கள் முதல் கூட்டத்தில் இதேபோல் ஒன்று கேள்வியே இல்லாமல் நிறைவேறியது. நானும் கை தூக்கினேன். அது இன்னும் உறுத்துகிறது.

மதியம் சுமார்தான். படிவங்களை ஒன்றரை மணி நேரம் திரையில் பார்த்து வாசித்தார்கள், கையேடும் எல்லாருக்கும் போதவில்லை. பதியும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். கார் நிறுத்த இடமில்லை, கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி நடப்பது நல்லது. அடுத்த முறை எங்கள் பொருளாளரையும் கூட்டிப்போகிறேன்.