600 டாலருக்குள் முதல் வேட்டை வில்: ரிகர்வா, காம்பவுண்டா, குறுக்குவில்லா?

பென்சில்வேனியாவில் வில் வேட்டைப் பருவம் அக்டோபர் மாதத்தின் முதல் சனிக்கிழமையை ஒட்டித் தொடங்குகிறது. அதற்குள் வெள்ளைவால் மானை எதிர்பார்த்துப் பரணில் அமரத் தகுதி பெற்றுவிட வேண்டும், ஆனால் கையில் 600 டாலருக்கு மேல் இல்லை என்ற நிலையில் இருப்பவருக்காக இதை எழுதுகிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருப்பதால், இங்கே நான் சொல்வதெல்லாம் அமெரிக்காவில் பாதுகாப்பு வகுப்பை முடித்து, உரிமம் பெற்று, பருவத்துக்குள் வேட்டையாடுபவருக்கு மட்டுமே உரியது. இந்தத் தொகைக்குள் நான்கு வழிகள் இருக்கின்றன: முனைகள் முன்னோக்கி வளைந்த, கழற்றிப் பூட்டக்கூடிய ரிகர்வ் வில்; சக்கரங்களின் துணையால் இழுபாரம் குறையும் காம்பவுண்ட் வில்லில் பழைய உயர்ரகம்; துணைக்கருவிகளோடு தொகுப்பாக வரும் புதிய காம்பவுண்ட் வில்; துப்பாக்கிபோல் விசையை அழுத்தி எய்யும் குறுக்குவில். நான்கிலும் மானை வீழ்த்தலாம் என்பதால் எது வலிமையானது என்று கேட்பதில் பயனில்லை. உங்கள் உடம்புக்கு எது பொருந்தும் என்பதையும், வில்லை வாங்கிய பிறகு அம்புக்கும் பயிற்சிக்கும் என்ன மிஞ்சும் என்பதையும்தான் பார்க்க வேண்டும்.

சட்டத்தின் வரம்புகளை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மாநிலத்தில் மான் வேட்டைக்குரிய வில்லின் இழுவிசை, அதாவது நாணை இழுக்கத் தேவையான விசை, குறைந்தது 35 பவுண்டு இருக்க வேண்டும். குறுக்குவில்லாக இருந்தால் 125 பவுண்டு. அம்பின் வெட்டுமுனை குறைந்தது 7/8 அங்குல அகலம் கொண்டதாக இருக்க வேண்டும். 2009 முதல் வில் பருவத்தில் எவரும் குறுக்குவில்லைப் பயன்படுத்தலாம் என்பதால், உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் அது உரியது என்ற பழைய எண்ணம் இங்கே செல்லாது.

அடுத்து, கடைக்குள் நுழையும் முன்பே தெரிந்திருக்க வேண்டியது உங்கள் இழுநீளம், அதாவது நாணை எவ்வளவு தூரம் பின்னுக்கு இழுப்பீர்கள் என்ற அளவு. இரு கைகளையும் பக்கவாட்டில் இயல்பாக நீட்டி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அளந்து, வரும் அங்குலத்தை 2.5ஆல் வகுத்தால் ஏறக்குறைய அந்த அளவு கிடைக்கும். என் கைவீச்சு 67 அங்குலத்துக்குச் சற்று அதிகம். ஆகவே என் இழுநீளம் 27 அங்குலம். நம்மவர்களில் ஐந்தடி ஐந்து, ஐந்தடி ஆறு அங்குல உயரம் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் 26 முதல் 27 வரையே வரும். அமெரிக்கச் சந்தையில் உள்ள விற்களோ பெரும்பாலும் 28 முதல் 30 அங்குலம் வரை இழுக்கும் நெடிய ஆட்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. விளம்பரத்தில் காணும் வேகமும் அப்படிப்பட்டதுதான்: 70 பவுண்டு இழுவிசை, 30 அங்குல இழுநீளம், 350 கிரெயின் (சுமார் 23 கிராம்) எடையுள்ள இலேசான அம்பு என்ற கணக்கில் எடுத்த அளவு அது. இழுநீளத்தில் ஓர் அங்குலம் குறைந்தால் நொடிக்குச் சுமார் 10 அடி வேகம் குறையும்; இழுவிசை குறைந்தாலும் அம்பின் எடை கூடினாலும் இன்னும் குறையும். அட்டையில் நொடிக்கு 315 அடி என்று அச்சிட்ட வில் என்னைப் போன்ற ஒருவர் கையில் 230, 240 என்றுதான் எய்யும். அது மானுக்குத் தாராளமாகப் போதும் என்பதால், வேக எண்ணைப் பார்த்துப் பணத்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை.

இனி ரிகர்வ். சேஜ் என்ற பெயரில் விற்கும் 62 அங்குல வில் ஏறக்குறைய 150 டாலர். நடுப்பிடியிலிருந்து வளையும் மேல்கீழ் பட்டைகளைக் கழற்றி வேறு பட்டைகளைப் பூட்டலாம். 25 முதல் 60 பவுண்டு வரை ஐந்தைந்தாகப் பட்டைகள் கிடைக்கின்றன. 30 பவுண்டுப் பட்டையில் பழகி, பின்னர் 45க்கு மாறுவதற்கு இன்னொரு 80 டாலர் ஆகும். நாணேற்றும் கயிறு, விரல்களைக் காக்கும் தோல், முன்கைக் காப்பு, ஆறு அம்புகள், வெட்டுமுனைகள், அம்புக்கூடு, இலக்குப் பை எல்லாம் சேர்த்தும் 500க்குள் முடித்துவிடலாம். பழுதென்று வந்தால் நாண் ஒன்றுதான்; அதையும் 20 டாலருக்குள் வாங்கி நீங்களே மாட்டிக்கொள்ளலாம். பணக் கணக்கில் இதை எதுவும் வெல்லாது.

ஆனால் ரிகர்வ் பணத்துக்குப் பதிலாகக் காலத்தைக் கேட்கிறது. முழுதாக இழுத்து நிற்கும்போது அந்த 45 பவுண்டும் உங்கள் மூன்று விரல்களில்தான் தொங்குகிறது. மான் ஓரடி நகரட்டும் என்று காத்திருக்க முடியாது. பட்டையில் எழுதிய எண்ணும் 28 அங்குலத்துக்குரியது என்பதால், 26 அங்குலம் இழுப்பவர் கையில் 40 பவுண்டுப் பட்டை 35ஐ ஒட்டியே நிற்கும், அதாவது சட்டத்தின் விளிம்பில். 20 கஜத்தைக் கடக்க அந்த அம்புக்கு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆகிறது. நாண் அதிரும் ஓசைக்கு மான் உடலைத் தாழ்த்திப் பாய்வதற்கு அது போதுமான நேரம். ஆகவே புதியவருக்கு 15 கஜமே நேர்மையான எல்லை. ஓராண்டு முழுவதும் நாள்தோறும் எய்த பிறகே இதைக் காட்டுக்கு எடுத்துச் செல்லலாம் என்பது என் உறுதியான கருத்து. வில் என்றால் எனக்கு உண்மையில் இதுதான். கொல்லைப்புறத்தில் மாலை வெயிலில் ரிகர்வை இழுக்கும்போது கிடைக்கும் நிறைவைக் காம்பவுண்ட் தந்ததில்லை. ஆனாலும் பயிற்சி போதாத கையின் தவறுக்கு விலை கொடுப்பது மான் என்பதால், முதல் ஆண்டு வேட்டைக்கு இதைப் பரிந்துரைக்க என் மனம் ஒப்பவில்லை.

காம்பவுண்ட் வில்லுக்கு மிசௌரியைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் 1969இல் காப்புரிமை பெற்றார். வில்லின் இரு முனைகளிலும் உள்ள கேம் என்ற சக்கரங்கள் சுழன்று, கடைசிக் கட்டத்தில் பாரத்தைத் தாமே ஏற்றுக்கொள்கின்றன. 60 பவுண்டு வில்லில் 80 விழுக்காடு பாரம் குறைந்தால், இழுத்து நிற்கையில் உங்கள் கை தாங்குவது 12 பவுண்டு மட்டுமே. அந்த ஒன்றுக்காகவே வேட்டைக்காரர்களில் பெரும்பாலோர் இதற்கு மாறினார்கள்.

இதில் பழையதா புதியதா என்பதுதான் கடினமான கேள்வி. ஆறேழு ஆண்டுகளுக்கு முன் 1,000 டாலருக்கு மேல் விற்ற உயர்ரக வில் இன்று பழைய பொருளாக 400 டாலருக்குக் கிடைக்கும்போது, அதே விலையில் தொடக்கநிலைப் புது வில்லை வாங்குவது பலருக்கு அறிவீனமாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அருகிலிருந்த ஊரில் ஒருவரிடம் அழகான வில் ஒன்றை வாங்கினேன். இழுநீளம் 29 அங்குலம், மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னார். மாற்ற வேண்டுமானால் அந்தக் கேமுக்குரிய சிறு உலோகத் துண்டு தேவை; அந்த மாதிரிக்கு அது எங்கும் கிடைக்கவில்லை. இரண்டங்குலம் கூடுதலான வில்லை இழுத்தால் கை தாடைக்கடியில் நிற்காமல் காதுக்குப் பின்னால் போகிறது, இடது முழங்கை விறைத்துப் பூட்டிக்கொள்கிறது, நாண் முன்கையின் உட்புறத்தை அறைகிறது. இரண்டு வாரம் நீலம் பாய்ந்த கையோடு எய்துவிட்டு, வாங்கியதில் பாதி விலைக்கு அதைக் கைமாற்றினேன்.

ஆகவே பழைய வில்லைப் பார்க்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது இழுநீளம். உங்கள் அளவில் அது அப்போதே இல்லையென்றால் பேரம் பேசாமல் திரும்பிவிடலாம். இருந்தால், ஒரு பஞ்சு உருண்டையை எடுத்துப் பட்டைகளின் விளிம்பெங்கும் மெல்ல இழுத்துச் செல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருந்தால் பஞ்சின் இழை அதில் சிக்கி நிற்கும். பட்டை அங்கே பிளக்கத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். அது 60 பவுண்டு விசையோடு முகத்தருகே உடையக்கூடியது. கேமின் விளிம்பு நெளிந்திருக்கிறதா, நாணின் மேல் சுற்றிய நூல் விலகி உள்ளிழை தெரிகிறதா என்றும் பாருங்கள். அம்பின்றி வெறுமனே நாணை விட்ட வில்லில் இந்த அடையாளங்கள் தென்படும். எல்லாம் சரியாக இருந்தாலும், இரண்டு மூன்று ஆண்டுகளான நாணையும் கேம்களை இணைக்கும் கயிறுகளையும் மாற்றியே ஆக வேண்டும். அதற்காகப் பட்டைகளை அழுத்தி நாணைத் தளர்த்தும் அழுத்தப் பொறி கடையில்தான் இருக்கும் என்பதால் கூலியோடு 120 டாலருக்குக் குறையாது. 400 டாலர் என்று தொடங்கியது அம்பு வாங்கும் முன்பே 520 ஆகிவிடுகிறது.

புதிய தொகுப்பு வில்களில் பேர் நிறுவனத்தின் லெஜிட், அதே நிறுவனத்தின் குரூசர் ஜி2, டயமண்டின் இன்ஃபினிட் எட்ஜ் புரோ ஆகிய மூன்றும் இந்த விலையில் ஒன்றுக்கொன்று நெருங்கி நிற்பவை. ஏறக்குறைய 400 டாலருக்குள் அடங்கும். லெஜிட்டின் இழுநீளம் 14 முதல் 30 அங்குலம், இழுவிசை 10 முதல் 70 பவுண்டு. டயமண்டில் 13 முதல் 31 அங்குலமும் 5 முதல் 70 பவுண்டும். இந்த அகன்ற எல்லையைச் சிறுவர்களுக்கானது என்று சிலர் ஒதுக்குவதுண்டு. குட்டையான கைவீச்சு உள்ளவருக்கு அதுதான் வரம். 26.5 அங்குலத்துக்கு அருகில் கொண்டுவந்து நிறுத்தலாம், அழுத்தப் பொறி இல்லாமலே. குறை என்னவென்றால், இழுவை உயர்ரக வில்லைப்போல வழுவழுப்பாக இராது, எய்தபின் கையில் அதிர்வு சற்றுத் தெரியும், கூடவே வரும் குறிபார்க்கும் ஊசிகளும் அம்புக்கூடும் சாதாரணமானவை. அவற்றை இரண்டாம் ஆண்டில் ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம். நாணை விடுவிக்கும் விசைக்கருவி மட்டும் தொகுப்பில் பெரும்பாலும் வராது. அதற்கு 50 டாலர் ஒதுக்குங்கள்.

குறுக்குவில்லைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல இருக்கிறது. சென்டர்பாயின்ட் ஸ்னைப்பர் 370 போன்றவை 300 டாலரைச் சுற்றிக் கிடைக்கின்றன. தொலைநோக்கி, சில கணைகள், இழுகயிறு எல்லாம் உடன் வரும். ஒரு வாரப் பயிற்சியில் 30 கஜத்தில் கணைகள் நெருங்கி விழத் தொடங்கும். தோள்வலி உள்ளவருக்கும், வேலைப்பளுவில் பயிற்சிக்கு நேரமே கிடைக்காதவருக்கும் இதுதான் நேர்மையான தேர்வு. கிட்டத்தட்ட எட்டு பவுண்டு எடையைச் சுமக்க வேண்டும், பரணில் இருந்துகொண்டு மறுகணை பூட்டுவது எளிதன்று, பொழுது சாய்ந்தபின் ஒரு கணையை இலக்கிலோ மண்ணிலோ எய்துதான் நாணைத் தளர்த்த முடியும். வில்லின் முன்பிடியைத் தாங்கும் விரல்கள் நாண் ஓடும் தண்டவாளத்துக்கு மேலே ஒருபோதும் எழக் கூடாது. எழுந்தால் கட்டைவிரல் போய்விடும்.

எதை வாங்கினாலும் அம்பில் மிச்சம் பிடிக்காதீர்கள். துப்பாக்கிக் குண்டு போல அதிர்ச்சியால் வீழ்த்தும் ஆற்றல் அம்புக்கு இல்லை. நுரையீரலை வெட்டிக் குருதியைப் போக்கியே அது மானை வீழ்த்துகிறது. மழுங்கிய முனையும், வில்லின் விசைக்குப் பொருந்தாத நெகிழ்வுள்ள தண்டும் விலையுயர்ந்த வில்லையும் பயனற்றதாக்கிவிடும். ஆறு கார்பன் அம்புகளுக்கு 60, மடங்காத அலகுள்ள மூன்று வெட்டுமுனைகளுக்கு 40, இலக்குப் பைக்கு 50 என்று 150 டாலரைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மிஞ்சிய 450க்குத்தான் வில் தேட வேண்டும். இந்தக் கணக்கில்தான் பழைய உயர்ரக வில் வெளியே போகிறது. 400 டாலர் தொகுப்பும் 50 டாலர் விசைக்கருவியும் சரியாக உள்ளே பொருந்துகின்றன.

ஆகவே என் தேர்வு புதிய தொகுப்புக் காம்பவுண்ட், அதுவும் மே மாதத்தில், அளந்து பொருத்தித் தரும் வில் கடையில். இணையத்தில் 20 டாலர் குறைவாகக் கிடைத்தாலும், குறிபார்க்க உதவும் கண்வளையத்தை நாணில் உங்கள் முகத்துக்கு ஏற்றபடி கட்டித் தருவது கடைக்காரரின் கைதான். வில்லுக்குக் கொடுக்கும் விலையில், உற்பத்தியாளர் விற்கும் விலைமேல் விதிக்கும் 11 விழுக்காட்டு வரி அடங்கியிருக்கிறது. அது மாநிலங்களின் வனவிலங்குப் பாதுகாப்புக்கே போய்ச் சேருகிறது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. முதல் நாள் 40 பவுண்டில் வைத்துத் தரச் சொல்லுங்கள். உட்கார்ந்தபடி, வில்லை வானத்தை நோக்கி உயர்த்தாமல், நெஞ்சுக்கு நேராகவே இழுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்த இழுவிசை இன்னும் உங்களுடையதன்று. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மேல்கீழ் பட்டைகளின் திருகாணிகளை ஆலன் சாவியால் ஒரே அளவு இறுக்கிக்கொண்டே வந்தால் ஆகஸ்ட் கடைசியில் 50 பவுண்டைத் தாண்டியிருப்பீர்கள். செப்டம்பரில், குளிருக்கு அணியப்போகும் அதே மேலங்கியைப் போட்டுக்கொண்டு, பயிற்சிமுனையைக் கழற்றி வெட்டுமுனையைப் பூட்டி 20 கஜத்திலிருந்து ஒரு நாளைக்கு ஓர் அம்பு மட்டும் எய்யுங்கள். பரணில் உங்களுக்குக் கிடைக்கப்போவதும் அந்த ஓர் அம்புதான்.